ஒட்டுப் போட்ட வில்

டெக்சஸில் 'போடார்க்' என்றால் எல்லோருக்கும் தெரியும். ஓசேஜ் ஆரஞ்சு மரம். 'வில் மரம்' என்று பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் ஊர் வாயில் அப்படி மருவிவிட்டது. ஓசேஜ் பழங்குடியினர் இதில்தான் வில் செய்தார்கள். முள்கம்பி வருவதற்கு முன் விவசாயிகள் இதையே உயிர்வேலியாக நட்டார்கள்.

முள்ளும் கணுவும் கோணலுமாக வளரும் மரம். ஆறடிக்கு நேரான கட்டை லேசில் அமையாது; மூன்றடி அமையும். அப்படி இரண்டு அரைக்கட்டைகளை நடுவில் ஒட்டி, போன வாரம் முதன்முறையாக ஒரு வில்லுக்கு அடிபோட்டேன்.

ஒட்டு என்றதும் 'அந்த இடத்தில் முறியாதா?' என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. நாணை இழுக்கும்போது வில்லின் முதுகு இழுபடும், வயிறு நசுங்கும். ஆனால் தடிமனாக விட்ட கைப்பிடி வளைவதில்லை. ஒட்டு இருப்பது அதற்குள்தான்.

முனையோடு முனை வைத்து ஒட்டினால் நிற்காது. வெட்டுவாயில் திறந்திருக்கும் நார்கள் பசையை உறிஞ்சிவிடும். நாரின் பக்கவாட்டில் ஒட்டினால்தான் பிடிக்கும். அதனால் ஒரு கட்டையை மீன்வால் போலப் பிளந்து, மற்றதைக் கூராக்கி, நான்கு அங்குலத்துக்குச் செருகுகிறோம்.

பொறுமை தேவைப்படுவது இங்கேதான். ஒரு முகத்தில் பென்சில் கரியைத் தேய்த்துச் செருகி எடுத்தேன். எதிர்முகத்தில் கரி பட்ட இடம் மேடு. அதை மட்டும் உளியால் சீவினேன். மறுபடி கரி, மறுபடி உளி. பதினோராவது முறைதான் முகம் முழுக்கக் கரி படிந்தது. பிறகு எபாக்சி. இறுக்கி முடுக்கினால் பசை முழுதும் வெளியே பிதுங்கிவிடும் என்பதால், மெதுவாகவே கட்டினேன்.

இரண்டும் ஒரே தண்டைப் பிளந்து எடுத்த அக்கம்பக்கத் துண்டுகள். ஒரே மழையும் வெயிலும் கண்டவை என்பதால் வளையங்களும் ஒத்திருக்கின்றன. வில்லின் இரு கைகளும் ஒன்றுபோல் வளைய இது உதவும்.

துருக்கிய வில் கலைஞர்கள் மேப்பிள் துண்டுகளை இதே மீன்வால் ஒட்டில் சேர்த்து, மேலே தசைநாரும் உள்ளே கொம்பும் வைத்துக் கட்டினார்கள். நம் ஆசாரிகள் காய்ச்சிய வச்சிரத்தைப் போல, அவர்கள் பசையும் விலங்கிலிருந்து வந்ததுதான். அந்த விற்கள் எய்த தூரம் இன்றும் பேசப்படுகிறது.

ஒரே கட்டையில் செய்யும் நெடுவில்லை நம்பியிருந்த இங்கிலாந்தின் கதை வேறு. வெனிஸ் முதலிய ஊர்களிலிருந்து வரும் கப்பல்கள் சரக்கின் அளவுக்கேற்ப விற்கட்டைகளும் கொண்டுவர வேண்டும் என்று 1472-இல் அங்கே சட்டமே போட்டார்கள். அந்தத் தேவைக்காக ஐரோப்பாவின் யூ மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன.

என் கட்டைகள், வேலியைத் திருத்தும்போது விறகுக்கென்று ஒதுக்கிய கோணல் மரத்தில் கிடைத்தவை. நேற்றுக் காலை கட்டை அவிழ்த்தேன். மஞ்சள் மரத்தில் மயிரிழையாக ஒரு கோடு. விரலால் தடவினால் தட்டுப்படவில்லை. அதன்மேல் தோல் சுற்றி மறைப்பதுதான் வழக்கம். நான் இந்த முறை சுற்றப்போவதில்லை.