மூடும் குறி ஆணையன்று, வேண்டுகோள்

ஆசிரியர் ஒருவர் இரண்டு மணி நேரம் அமர்ந்து மாணவர்தம் மதிப்பெண்களைத் தட்டச்சு செய்கிறார். மூலையிலுள்ள பெருக்கல் குறியில் கை தவறிப் படுகிறது. சாளரம் மறைகிறது, உழைப்பும் மறைகிறது. உடனே, "கணினி தெரியாத ஆசிரியர்" என்று பழி சுமத்துகிறார்கள். இதனை நான் மறுக்கிறேன். குற்றம் ஆசிரியருடையதன்று, நிரலை எழுதியவருடையது.

அக்குறியை அழுத்துவது ஆணையன்று, வேண்டுகோள். விண்டோஸ் 'டபிள்யூஎம் குளோஸ்' என்னும் செய்தியை நிரலுக்கு அனுப்புகிறது. நிரல் அதனைக் கண்டுகொள்ளாவிட்டால்தான் சாளரம் இயல்பாக அழிகிறது. "சேமிக்கவா, விட்டுவிடவா, மூடாமல் திரும்பவா?" எனக் கேட்க அப்போது வாய்ப்புண்டு. கேளாமல் விட்டது சோம்பல்.

ஜாவா ஸ்விங்கில் விந்தை வேறு. ஒன்றும் சொல்லாவிட்டால் சாளரம் மறையும். நிரலோ உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். 'எக்சிட் ஆன் குளோஸ்' என்றால் அனைத்தும் முடிந்துபோகும். 'டூ நத்திங் ஆன் குளோஸ்' என அமைத்து, மூடும் நிகழ்வை நிரலே கையாள்வதுதான் முறை.

அதற்காக எப்போதும் கேட்டு நச்சரிக்கவும் வேண்டா. அப்படிக் கேட்டால் எவரும் படிக்காமலே 'ஆம்' என்று அழுத்துவர். சேமிக்காத மாற்றம் இருக்கும்போது மட்டும் கேட்டால் போதும்.

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் பறித்த கொழுந்தை நிறுத்துக் கணக்கில் ஏற்றிய பின்னரே வேலை முடிகிறது. அந்த ஒழுங்கு நம் பிள்ளைகள் அறிந்ததே. நிரல் எழுதக் கற்பிக்கும் ஆசிரியர்களே, ஊக்குவிக்கும் பெற்றோர்களே! திறக்கும் முறையோடு மூடும் முறையையும் கற்பிப்போம்.