அக்காமா யார் கையில் இருக்கிறது?

வளைகுடாவில் அக்காமா, அதாவது குடியிருப்பு அனுமதி, காலாவதியாகி மாட்டிக்கொண்டவர்களை அரசு செலவில் ஊருக்கு அழைத்து வரக் கூடாது என்று ஒருவர் கட்டுரை எழுதியிருக்கிறார். எடுத்துக்காட்டுக்கு அவர் பிடித்தது ராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள எங்கள் பையன்களை. வெல்டர், ஃபிட்டர், ரிக்கர், சாரம் கட்டுகிறவர் என்று மணலியிலும் எண்ணூரிலும் கான்ட்ராக்டில் தொழில் பழகி, சவூதிக்கும் குவைத்துக்கும் போனவர்கள். அட்டையில் தேதி இருக்கிறது, அதைப் பார்த்துப் புதுப்பிக்காதவன் சோம்பேறி, சட்டத்தை மீறியவனுக்கு என் வரிப்பணம் எதற்கு என்கிறார். அறுபதுகளில் பர்மாவிலிருந்து வந்த பெரியவர்கள் காகிதங்களை ஒழுங்காக வைத்திருந்து கௌரவமாகத் திரும்பினார்களே என்று ஒரு குத்தலும் உண்டு. இதில் ஒரு வாதம்கூட உண்மையின் மேல் நிற்கவில்லை.

முதலில் அந்தத் தேதி. சவூதியில் 2015 இறுதியிலிருந்து வழங்கப்படும் குடியிருப்பு அட்டை ஐந்தாண்டுக்கானது. ஆண்டுதோறும் நடக்கும் புதுப்பிப்பு கணினிப் பதிவில்தான் நடக்கிறது, அட்டையில் அதற்கான தேதி அச்சாவதில்லை. பையில் இருக்கும் அட்டை பளபளவென்று இருக்கும்போதே அக்காமா செத்துப் போயிருக்கும். சாலைச் சோதனையில் போலீஸ்காரர் எண்ணைத் தட்டிப் பார்த்துச் சொல்லும்போதுதான் பலருக்குத் தெரிய வருகிறது. தேதியைப் பார்க்கவில்லை என்று திட்டுகிறவர் அந்த அட்டையை ஒரு முறையாவது கையில் வாங்கிப் பார்த்திருக்க வேண்டும்.

சரி, தேதி தெரிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். தொழிலாளி என்ன செய்ய முடியும்? கம்பெனியில் வேலை செய்கிறவர் தானே போய் அக்காமா அடித்துக்கொள்ள முடியாது. கபீல், அதாவது விசா கொடுத்து அழைத்த முதலாளி, தன் கணக்கிலிருந்து பணம் கட்டி, தன் பெயரில் உள்ளே நுழைந்து செய்ய வேண்டிய வேலை அது. இதைச் சொல்வது நான் அல்ல. 2005-இல் வந்த சவூதி தொழிலாளர் சட்டத்தின் 40-ஆவது பிரிவு சொல்கிறது: அக்காமாவுக்கும் வேலை அனுமதிக்கும் ஆகும் கட்டணம், அவற்றைப் புதுப்பிக்கும் கட்டணம், தாமதத்தால் விழும் அபராதம், கடைசியில் ஊர் திரும்பும் டிக்கெட் எல்லாம் முதலாளியின் பொறுப்பு. அந்த நாட்டுச் சட்டத்தை மீறியவன் என்று கட்டுரையாளர் யாரைச் சொல்கிறாரோ அவரைப் பாதுகாக்கவே அந்தச் சட்டம் எழுதப்பட்டிருக்கிறது. மீறியவர் கபீல்.

கபீல் ஏன் கட்டாமல் விடுகிறார் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. சவூதிக்காரர்களைவிட வெளிநாட்டவர் அதிகமாக இருக்கும் கம்பெனி 2020 முதல் ஒவ்வொரு வெளிநாட்டவருக்கும் மாதம் 800 ரியால் லெவி கட்ட வேண்டும் என்று விதி வந்தது. ஆண்டுக்கு 9,600. அக்காமா கட்டணம் தனியாக 650. தொழிற்சாலைகளுக்கு விலக்கு உண்டு, நம் ஆட்கள் அதிகம் போகும் கான்ட்ராக்ட் கம்பெனிகளுக்கு அது கிடையாது. கம்பெனி தள்ளாடத் தொடங்கியதும் முதலில் நிறுத்துவது இந்தப் பணத்தைத்தான், அடுத்து சம்பளத்தை. மாதம் ஆயிரத்துச் சொச்சம் ரியால் வாங்கும் ஹெல்பர், அதுவும் வராத மாதங்களில், பத்தாயிரம் ரியாலுக்கு எங்கே போவார்?

2016-இல் ஜித்தாவில் இது நாடறிய நடந்தது. சவூதி ஓஜர் என்ற பிரம்மாண்டமான கட்டுமான நிறுவனம் முடங்கியது. ஆயிரக்கணக்கான இந்தியர்கள் மாதக்கணக்கில் சம்பளமில்லாமல் முகாம்களில் கிடந்தார்கள், சாப்பாட்டுக்கே தூதரகம் ஏற்பாடு செய்தது. அக்காமா காலாவதியானதால் வேறு கம்பெனிக்கு மாற முடியவில்லை, எக்ஸிட் எனும் வெளியேறும் அனுமதி அடித்து ஊருக்கு வரவும் முடியவில்லை. வெளியுறவு இணை அமைச்சர் வி.கே. சிங் நேரில் போய்ப் பேசிய பிறகே சவூதி அரசு எக்ஸிட் கொடுக்க ஒப்புக்கொண்டது. குவைத்தில் கராஃபி நேஷனல் என்ற நிறுவனத்தின் தொழிலாளர்களுக்கும் இதே கதி. கம்பெனி புதுப்பிக்காத அனுமதிக்கு அபராதம் தொழிலாளியின் தலையில் நாளொன்றுக்கு 2 தினார் என்று ஏறிக்கொண்டே போனது. 2018-இல் குவைத் பொதுமன்னிப்பு அறிவித்த பிறகுதான் அவர்களில் பலருக்கு வழி திறந்தது. இத்தனை ஆயிரம் பேரும் ஒரே நேரத்தில் சோம்பேறிகள் ஆகிவிட்டார்களா? கட்டுரையாளர் பதில் சொல்லட்டும்.

பிடிக்கவில்லை என்றால் வேறு கம்பெனிக்கு மாறலாமே என்றும் எழுதியிருக்கிறார். 2021 மார்ச்சில் சவூதி கொண்டுவந்த சீர்திருத்தம், அனுமதி காலாவதியானாலோ சம்பளம் தொடர்ந்து வராவிட்டாலோ கபீலின் சம்மதமில்லாமல் மாற வழி செய்தது உண்மைதான். ஆனால் வீட்டு வேலை செய்கிறவர்கள், வீட்டு டிரைவர்கள், தோட்டக்காரர்கள், ஆடு மேய்க்கிறவர்களை அது சேர்க்கவில்லை. மற்றவர்கள் மாறவும் எடுத்துக்கொள்ள இன்னொரு கம்பெனி வேண்டும். புகார் கொடுக்கப் போனவர் மேல் கபீல் ‘ஹுரூப்’ போட்டுவிட்டால், அதாவது ஓடிப்போனவர் என்று பதிந்துவிட்டால், பாதிக்கப்பட்டவரே குற்றவாளி ஆகிவிடுவார்.

தெரிந்தே கபீலை விட்டு வெளியே போய் வேலை செய்கிறவர்களும் இருக்கிறார்கள், மறைக்கவில்லை. ‘ஃப்ரீ விசா’ என்று ஏஜெண்ட் விற்றதை நம்பிப் போனவர்கள் அவர்கள். பெயருக்கு ஒரு கபீல், அவருக்கு வருடா வருடம் கப்பம், வேலை எங்கோ. அப்படியொரு விசா எந்தச் சட்டத்திலும் இல்லை. பதிவு பெற்ற ஏஜெண்ட் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம் என்பது இந்திய அரசின் விதி. லட்சங்களை வாங்கிக்கொண்டு அனுப்பியவரைப் பற்றி அந்தக் கட்டுரையில் ஒரு சொல் இல்லை. மனைவியின் நகையை அடகு வைத்துப் போனவரை மட்டும் பெயர் சொல்லாத குறையாகத் திட்டியிருக்கிறது.

வரிப்பணத்துக்கு வருகிறேன். இப்படி மாட்டிக்கொண்டவர்களுக்காக இந்தியத் தூதரகங்கள் செலவழிப்பது 2009-இல் ஏற்படுத்தப்பட்ட இந்திய சமூக நல நிதியிலிருந்து. தூதரகச் சேவைகளுக்கு வாங்கும் சிறு கூடுதல் கட்டணத்தால் நடக்கும் நிதி அது. வெளிநாட்டில் பாஸ்போர்ட் புதுப்பிக்கும் ஒவ்வொரு தொழிலாளியும் அதில் போட்டிருக்கிறார். தொழிலாளியின் தவறில்லாமல் தங்கும் காலம் மீறிப் போயிருந்தால் அபராதத்தையே இந்த நிதியிலிருந்து கட்டலாம் என்று 2017-இல் திருத்தப்பட்ட விதிகள் சொல்கின்றன. தங்கள் பணத்தில் தங்களுக்கு உதவி கேட்கிறவர்களைக் கையேந்துகிறவர்களாகக் காட்டுவது அநியாயம்.

பர்மாவைப் பற்றி எழுதியதுதான் என்னை அதிகம் கொதிக்க வைத்தது. எர்ணாவூரில் பர்மா நகர் இருக்கிறது, துறைமுகத்துக்கு எதிரே ராஜாஜி சாலையில் பர்மா பஜார் இருக்கிறது. அங்கே யாரையாவது கேட்டிருக்கலாம். குடியுரிமை கிடைக்காத நம்மவர்கள் பர்மாவில் வெளிநாட்டவர் பதிவுச் சான்றிதழை ஆண்டுதோறும் பணம் கட்டிப் புதுப்பித்துத்தான் வாழ்ந்தார்கள். ஒழுங்காகப் புதுப்பித்தவர்களின் கடைகளையும் 1964 மார்ச்சில் அந்நாட்டை ஆண்ட நே வின் அரசு எடுத்துக்கொண்டது. மே மாதம் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாது என்றது. ஒழுங்கான காகிதம் அவர்களைக் காப்பாற்றவில்லை. சேர்த்ததையெல்லாம் விட்டுவிட்டு, இந்திய அரசு ஏற்பாடு செய்த கப்பல்களில் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். அரசே கடனும் குடியிருப்பும் கடை போட இடமும் கொடுத்தது. அன்று அரசு செய்தது சரி என்றால் இன்று செய்வதும் சரி. அவர்களைக் காட்டி இவர்களை அடிக்கக் கட்டுரையாளருக்கு எந்த உரிமையும் இல்லை.

சவூதியில் வேலை செய்கிறவர் வீட்டில் இருந்தால் இன்றே ஃபோன் போட்டுச் சொல்லுங்கள்: சொந்த ஃபோன் எண்ணில் சவூதி அரசின் அப்ஷர் தளத்தில் கணக்குத் திறந்து, அக்காமா எது வரை இருக்கிறது என்று மாதம் ஒரு முறை பார்க்கட்டும். காலாவதியாகியிருந்தால் கபீலின் வாய்வார்த்தையை நம்பிக் காத்திருக்க வேண்டாம். தூதரகத்திலும், வெளியுறவுத் துறையின் ‘மதத்’ தளத்திலும் உடனே புகார் பதியட்டும். பாஸ்போர்ட், ஒப்பந்தம், சம்பளச் சீட்டு மூன்றுக்கும் ஒரு நகல் உங்கள் வீட்டில் இருக்கட்டும். அயலகத் தமிழர் நல வாரியமும் திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் நேரில் வந்து மனுக்களை வாங்க வேண்டும்.