முகூர்த்தம் யார் கடிகாரப்படி?

முகூர்த்த நாளில் வடபழனி முருகன் கோயிலில் திருமணக் கூட்டத்தைக் கேட்கவே வேண்டாம். இப்பொழுது அந்தக் கூட்டத்தில் கைப்பேசிகளும் நிற்கின்றன. கலிபோர்னியாவில் இருக்கும் மாமாவும் அத்தையும் அவற்றின் வழியாகத் தாலி கட்டுவதைப் பார்க்கிறார்கள். நல்ல வசதிதான். ஆனால், "ஞாயிறு காலை 6 மணிக்கு மேல் 7 மணிக்குள்" என்று மட்டும் அழைப்பிதழில் இருந்தால் போதுமா? அப்பொழுது அங்கே சனிக்கிழமை மாலை அல்லவா!

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுகிறார்கள். நவம்பர் முதல் ஞாயிறன்று பின்னே இழுக்கிறார்கள். அதனால் கலிபோர்னியா நம்மைவிடக் கோடையில் 12½ மணியும், குளிர்காலத்தில் 13½ மணியும் பிந்தியிருக்கிறது. மாசி தொடக்கத்தில் போட்ட கணக்கை நம்பிப் பங்குனித் திருமணத்துக்கு உட்கார்ந்தால் ஒரு மணி காத்திருக்க வேண்டும். போகட்டும். ஐப்பசி தொடக்கத்தில் போட்ட கணக்கை நம்பிக் கார்த்திகைத் திருமணத்துக்கு உட்கார்ந்தால் தாலி ஏறியிருக்கும்!

நம் கடிகாரத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. முன்பு சென்னைக்கென்றே தனி நேரம் இருந்தது. கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முந்தியது. 1906-இல் இந்தியப் பொது நேரம் வந்து இன்னும் 9 நிமிடம் கூட்டியது.

அழைப்பிதழில் "இந்திய நேரம்" என்று குறிப்பிட வேண்டும். வெளிநாட்டு உறவினருக்கு அவர்கள் ஊர்க் கிழமையையும் மணியையும் சேர்த்தே எழுத வேண்டும். அந்தக் கணக்கை அழைப்பிதழ் அச்சாகும் நாளுக்கு அல்ல, முகூர்த்த நாளுக்குப் போட வேண்டும். கார்த்திகை ஞாயிறு காலை 6 மணி என்றால், "உங்களுக்குச் சனிக்கிழமை மாலை 4.30."