தறியும் தராசும்

“இவ்வளவு படித்துவிட்டுக் கடை வைப்பதா?” என்று கேட்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. நாலு பேருக்கு அறிவுரை கூறும் நிலையில் இருந்தவர் தராசைக் கையில் எடுத்தால், ‘விழுந்துவிட்டார்’ என்று இரங்குகிறோம். அவ்விரக்கம் தகாது என்பது என் கருத்து.

இடுக்கி மாவட்டத்தில், குட்டிக்கானத்திலிருந்து கட்டப்பனை செல்லும் வழியில் இருக்கிறது ஏலப்பாறை. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்துவரும் ஊர். அது அடங்கிய வட்டத்தின் பெயர் பீர்மேடு. தமிழ்ச் சூபிக் கவிஞர் பீர் முகம்மது அப்பா அம்மலையில் தவமிருந்ததால் வந்த பெயர் என்பது மரபு. தென்காசியில் பிறந்து தக்கலையில் வாழ்ந்தவர், ‘ஞானப்புகழ்ச்சி’ பாடியவர். அப்பேரறிஞருக்குச் சோறு போட்டது தறி என்பார்கள். தறியில் அமர்ந்ததால் அவர் ஞானம் குறைந்ததோ? இல்லையன்றோ! இன்றும் ஆண்டுதோறும் தக்கலையில் ஓர் இரவு முழுதும் அப்பாடல்களை ஓதுகிறார்கள்.

1912இல் சிறை மீண்ட வ.உ.சி., வழக்கறிஞர் உரிமை பறிபோன நிலையில், சென்னையில் சிறு கடை வைத்துப் பிழைத்தார். அதனால் அவர் பெருமை எள்ளளவும் குறையவில்லை.

மலையில் கடை என்பது வெறும் வாணிகம் அன்று. 2000ஆம் ஆண்டையொட்டித் தேயிலை விலை வீழ்ந்து, பீர்மேட்டுப் பகுதியில் தோட்டங்கள் பல மூடப்பட்டன. கூலி நின்ற வீட்டில் உலை ஏற வேண்டுமானால், கடன் கொடுக்கும் கடைக்காரர் வேண்டும். சேமநிதிக்கும் பணிக்கொடைக்கும் மனு எழுத, எழுத்தறிந்தவர் வேண்டும். இரண்டும் ஒருவரிடமே கிடைத்தால், ஏழைக்கு அதைவிடப் பெரிய துணை ஏது? அறிவுரை கூறியவர் கடைக்கு வந்தபின், அவர் முன் நிற்க அனுமதிச் சீட்டு வேண்டியதில்லை. சிறு சாமானுக்கு வந்தவரும் தம் குறையைச் சொல்லலாம்.

“கடைக்காரர் கடன் கொடுத்தே கழுத்தை அறுப்பதில்லையா?” என்று கேட்கலாம். உண்மைதான். பற்றுக் கணக்கு நேர்மையற்றவர் கையில் விலங்காகும். கணக்கைப் படிக்கத் தெரியாதவருக்கு அவ்விலங்கை உடைக்கவும் தெரியாது. ஆகவேதான் கற்றவரும் நேர்மையுடையவரும் அவ்விடத்தில் இருக்க வேண்டும் என்கிறேன்.

இத்தகைய பெரியவர்கள் மறைந்தால் எந்த ஏட்டிலும் செய்தி வருவதில்லை. பற்றுக் கணக்கு நோட்டு பழைய தாளாய் எடைக்குப் போகிறது. அதனுடன் ஓர் ஊரின் வரலாறும் போகிறது.

நண்பர்களே! விடுமுறைக்கு ஊர் செல்லும்போது உங்கள் ஊர்ச் சிறு கடைக்காரரிடம் ஒரு மாலை அமருங்கள். கேட்டதை எழுதுங்கள். நம் சங்கம் அவற்றைத் தொகுத்து வைக்கட்டும். அரண்மனை வரலாறு எழுத ஆள் உண்டு; அஞ்சறைப் பெட்டியை நிரப்பியவர் வரலாற்றை நாம் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்?