ஈரல் அறுவையும் ஏழையின் ரத்தமும்

திருப்பருத்திக்குன்றத்தில் தறியில் உட்காரும் ஒருவருக்கு ஈரலில் கட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுவை நடக்கிறது. கட்டி போய்விட்டது, ஆள் தேறவில்லை. "உடம்பில் தெம்பில்லை, அவன் விதி" என்று ஊர்ப் பெரிய மனிதர்கள் கையை விரிக்கிறார்கள்.

விதியா? கணக்கைப் பார்ப்போம்.

மனித உடம்பில் ஓடும் ரத்தம் சுமார் 5 லிட்டர். நிமிஷத்துக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் ஈரலுக்குள் பாய்கிறது. அங்கே கத்தி வைத்தால் ரத்தம் பெருகாமல் என்ன செய்யும்? ரத்தத்தை உறையவைக்கும் சத்துக்களைத் தயாரிப்பதும் அதே ஈரல்தான். ரத்தம் அதிகம் போனால் மிச்சமிருக்கும் ஈரல் வாடும். புண் ஆறத் தாமதமாகும். சீழ் பிடிக்கும் அபாயம் ஏறும். பிறர் ரத்தம் ஏற்றினால் உயிர் தப்பலாம். ஆனால் இழந்ததற்கெல்லாம் அது ஈடாகாது.

வழி தெரியாமல் இல்லை. ஈரலுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சிறிது நேரம் இறுக்கிப் பிடிக்கும் முறையை 1908-லேயே கிளாஸ்கோ டாக்டர் பிரிங்கிள் எழுதி வைத்தார். இன்று சிரைகளில் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டு அறுக்கிறார்கள். சென்னை ஸ்டான்லி சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஈரல் மாற்று அறுவையே செய்திருக்கிறார்கள். விஞ்ஞானம் தோற்கவில்லை.

தோற்பது எங்கே? அடுப்படியில்! 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. கத்தி படுமுன்பே ரத்தத்தைப் பறிகொடுத்தவர்கள், அறுவை மேஜையில் இன்னொரு லிட்டர் போனால் தாங்குவார்களா?

"இலவசக் காப்பீடு இருக்கிறதே!" என்பார்கள். அது கத்திக்குப் பணம் தரும், கஞ்சிக்குத் தராது. ஈ.எஸ்.ஐ.யில் உள்ள ஆலைத் தொழிலாளி நோயில் விழுந்தால் வருஷத்துக்கு 91 நாள்வரை, கூலியில் நூற்றுக்கு 70 பங்கு கிடைக்கும். முதலாளியிடம் பாவு வாங்கி வீட்டில் நெய்கிறவருக்கு? களையெடுக்கும் கூலிப் பெண்ணுக்கு? அந்தச் சட்டத்தில் இடமே இல்லை! வயிற்றுத் தையல் ஆறுமுன்பே தறிக்குழியில் இறங்கி மிதிக்க வேண்டும். சேலை முடியாவிட்டால் முதலாளி கூலி தருவானா?

சுப்ரீம் கோர்ட்டின் 1996 தீர்ப்பால், 1998 ஜனவரி முதல் காசுக்கு ரத்தம் விற்பது தடுக்கப்பட்டது. ரத்தம் கடைச்சரக்கல்ல என்று ஒப்புக்கொண்ட நாட்டில், ரத்தம் சுண்டிய உழைப்பாளியின் உடம்பு மட்டும் சரக்கா?

கேட்போம், தோழர்களே! அறுவைக்கு நாள் குறிக்குமுன் ரத்தசோகைக்கு இலவச வைத்தியம் கொடு! ரத்தத்துக்காக உறவினரைத் தெருத்தெருவாக அலையவிடாதே! நெசவாளிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் நோய்க்காலக் கூலி கொடு!

நம் வாலிபர்கள் ஆஸ்பத்திரிக்குப் போய் மனமுவந்து ரத்தம் கொடுக்கட்டும். கொடுத்த கையை உயர்த்தி உரிமையையும் கேட்கட்டும்!