வேலி பயிரை மேயலாமா?

சிறுவரைக் காக்கச் செய்த சட்டம், வயது வந்தோரை ஊரறியக் காட்டிக் கொடுக்கலாமா? அமெரிக்க ஐக்கிய நாட்டிலே பல்லாண்டுகளாக எழுந்து நிற்கும் இவ்வினாவை இன்று நாம் எடுத்துக்கொள்கின்றோம். பொருள் கூச்சந் தருவதுதான். ஆயினும், அரசு கேட்கும் ஏட்டிலே தம் பெயரை எழுதிக் கொடுக்கும் எவருக்கும் அது புறம்பானதன்று.

பாலுறவுக் காட்சிகள் கொண்ட படங்களிலே 18 வயது நிரம்பாதோரை நடிக்க வைத்தலைத் தடுக்கும் பொருட்டு, 1988ஆம் ஆண்டில் அந்நாட்டுக் காங்கிரஸ் ஒரு சட்டத்தை இயற்றியது. படம் எடுப்பவர், நடிப்போர் ஒவ்வொருவரின் அடையாளப் பத்திரத்தையும் பார்த்து, உண்மைப் பெயர், பிறந்த தேதி, வழங்கிய பிற பெயர்கள் ஆகியவற்றைப் பதிந்து வைத்தல் வேண்டும். தவறினால், முதற் குற்றத்துக்கே ஐந்தாண்டு வரை சிறை. இந்நோக்கத்தை நாம் குறை கூறோம். சிறுவரை இத்தொழிலில் இறக்குவோர் இரக்கத்துக்கு உரியவரல்லர்.

ஆனால், ஏடு ஓரிடத்தில் நிற்பதில்லை. 2006ஆம் ஆண்டுத் திருத்தம், படத்தை எடுத்தவர் மட்டுமன்றி அதனை மீண்டும் வெளியிடுவோரும் ஏடு வைத்தல் வேண்டும் என்றது. ஆகவே, புனைபெயரில் நடித்த ஒரு பெண்ணின் அடையாளப் பத்திரப் பிரதி, அவள் ஒருநாளும் கண்டறியாதவர்களின் மேசைகளுக்கும் போய்ச் சேருகின்றது. 2011ஆம் ஆண்டிலே இத்தொழிலைச் சேர்ந்த ஆயிரக்கணக்கானோரின் உண்மைப் பெயர்கள் இணையத்தளமொன்றில் அம்பலப்படுத்தப்பட்டன. அவை இச்சட்டத்தின் ஏடுகளிலிருந்து கசிந்தன என்று நாம் சொல்லவில்லை. திரட்டி வைத்த பெயர்கள் தீயோர் கைப்பட்டால் என்னவாகும் என்பதற்கு அது போதிய சான்று.

2008ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் இக்கேட்டை ஓரளவு உணர்ந்தன. பிறருக்குக் கொடுக்கும் பிரதியிலே முகவரி, தொலைபேசி எண், சமூகப் பாதுகாப்பு எண் முதலியவற்றை மறைக்கலாம் என்றன. ஏடுகளை வேறொரு காப்பாளரிடம் ஒப்படைக்கவும் இடமளித்தன. 'மறைக்கலாம்' என்பதற்கும் 'மறைத்தல் வேண்டும்' என்பதற்கும் உள்ள தூரத்தைச் சட்டங் கற்றோர் அறிவர். ஏடு வைக்கத் தவறியவனைச் சிறைக்கு அனுப்பும் அப்பிரிவு, வைத்த ஏட்டைக் காக்கத் தவறியவனுக்கு ஒரு தண்டனையும் விதிக்கவில்லை. குறை இங்கேதான் இருக்கின்றது.

முன்னறிவித்தலும் நீதிமன்றின் ஆணையுமின்றி அதிகாரிகள் புகுந்து இவ்வேடுகளைச் சோதிக்கலாம் என்றிருந்த ஏற்பாடு, அரசியலமைப்பின் நான்காம் திருத்தத்துக்கு முரணானது என 2016ஆம் ஆண்டில் அந்நாட்டின் மூன்றாம் வட்ட மேன்முறையீட்டு நீதிமன்று தீர்த்தது. நோக்கம் நல்லது என்பதனால் அரசின் கை எங்கும் நுழையலாகாது. அத்தீர்ப்பிலிருந்து நாம் கொள்ளும் பாடம் இதுவே.

சட்டம் அறிய வேண்டியது ஒன்றே: இவருக்கு 18 வயது நிரம்பியதா? அதனை நிறுவும் அளவுக்கு மட்டுமே ஏடு இருத்தல் வேண்டும். மிகுதியை மறைத்தல் கட்டாயமாதல் வேண்டும். விதித்த காலம் கழிந்ததும் ஏட்டை அழித்தல் வேண்டும். அதைக் கசியவிட்டவன், அதை வைக்காதவனைப் போலவே தண்டிக்கப்படல் வேண்டும்.

நடிப்போரின் தொழிலை மெச்சாதவர் பலர் இருக்கலாம். நாம் மெச்சுவோர்க்கு மட்டுமே உரிமை என்றால், அது உரிமையன்று; சலுகை. கமக்காரன் வேலி கட்டுவது பயிருக்காகவே. வேலி வேண்டும்; அது பயிரை மேய வேண்டா.