கலைவாணருக்கு வள்ளல் புராணமா?

கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் அவர்களைப் பற்றி நமது நாட்டில் வருஷத்திற்கு இரண்டு நாள் பேசப்பட்டு வருகின்றது. ஒன்று அவர் பிறந்த நவம்பர் 29. மற்றொன்று அவர் மறைந்த ஆகஸ்ட் 30. அந்த இரண்டு நாட்களிலும் மேடை ஏறுகிறவர்களும், பத்திரிகையில் எழுதுகிறவர்களும் என்ன சொல்லுகிறார்கள் என்று கவனித்துப் பார்த்தால், பெரும்பாலோர் சொல்லுவது ஒரே சங்கதிதான். அதாவது, அவர் கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தார். ஏமாற்றி வாங்க வந்தவனுக்கும் தெரிந்தே கொடுத்தார். கொடுத்துக் கொடுத்தே கை வறண்டு போனார். ஆகையால் அவர் கலியுகக் கர்ணன் என்பதேயாகும்.

இதை நாம் ஆட்சேபிக்கின்றோம். அவர் கொடுத்தது பொய்யென்று நாம் சொல்ல வரவில்லை. கொடுத்தார், தாராளமாய்க் கொடுத்தார். நமது ஆட்சேபணையெல்லாம், புராணங்களைப் பார்த்துச் சிரிப்பதற்கு இந்நாட்டு ஜனங்களுக்குச் சொல்லிக் கொடுத்த ஒரு மனிதரைக் கொண்டுபோய், கடைசியில் ஒரு புராணத்திற்குள்ளேயே உட்கார வைத்துக் கதவைச் சாத்திவிட்டார்களே என்பதுதான்.

இதில் உள்ள சூழ்ச்சி (தெரிந்து செய்தாலும் சரி, தெரியாமல் செய்தாலும் சரி) என்னவென்று பாருங்கள். கொடுத்த கை யாருக்கும் விரோதமில்லை. கோயில் தர்மகர்த்தாவும் வள்ளலைப் புகழலாம், வட்டிக்கடைக்காரரும் புகழலாம், சாதிச் சங்கத் தலைவரும் புகழலாம். ஆனால் அவருடைய வாயிலிருந்து வந்த சிரிப்போ இந்த மூன்று பேருக்குமே விரோதமானது. ஆகவே கையைப் புகழ்ந்து வாயை மறைத்துவிடுவது எல்லாருக்கும் சௌகரியமாகப் போய்விட்டது.

நிற்க. அந்த வாய் எங்கேயிருந்து வந்தது என்பதைப் பார்ப்போம். 1908இல் நாகர்கோயிலை அடுத்த ஒழுகினசேரியில் பிறந்தவர். அன்றைக்கு அது திருவாங்கூர் ராஜ்யம். சாதிக் கொடுமையில் மற்ற ராஜ்யங்களுக்கெல்லாம் அண்ணனாக விளங்கிய இடம். வீட்டில் வறுமை. நான்காம் வகுப்போடு படிப்பு நின்றது. மளிகைக் கடையில் வேலை, நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்பது, வில்லுப்பாட்டு என்று அலைந்து, பிறகு டி.கே.எஸ். சகோதரர்களின் பாலர் நாடக சபையில் போய்ச் சேர்ந்தார்.

அந்தக் காலத்து நாடகத்தில் சிரிப்புக்காரனுடைய அந்தஸ்து என்னவென்று இன்றைய வாலிபர்களுக்குத் தெரியாது. ராஜபார்ட் உண்டு, ஸ்திரீபார்ட் உண்டு, கள்ளபார்ட் உண்டு. கடைசியில் பபூன் என்று ஒருவன் உண்டு. திரைக்குப் பின்னால் சிங்காசனத்தை நகர்த்திக் காட்டை வைக்கிற நேரத்தில், ஜனங்கள் எழுந்து போய்விடாமல் பிடித்து வைப்பதுதான் அவனுக்கு உத்தியோகம். அதற்காக அவன் விழுந்து காட்ட வேண்டும், அடி வாங்க வேண்டும், ஆபாசம் பேச வேண்டும். வடமொழி நாடகத்து விதூஷகனை எடுத்துக்கொண்டால் அவன் நிலைமை இதைவிடக் கேவலம். ராஜாவின் பக்கத்தில் நின்றுகொண்டு சோற்றைப் பற்றியே பேசுகிற வயிறுதாரி அவன். ராஜாவைப் பற்றி அவனுக்கு ஒரு கேள்வியும் கிடையாது.

கிருஷ்ணன் அவர்கள் செய்த காரியம், அந்தப் பபூனுக்கு மூளையைக் கொடுத்ததுதான். 1935, 1936ஆம் வருஷங்களில் டாக்கிக்கு வந்து, 'சதி லீலாவதி', 'அம்பிகாபதி', 'சகுந்தலை', 'கண்ணகி' என்று வரிசையாக நடித்தார். சிரிப்புப் பகுதியைத் தாமே யோசித்து, தம்முடைய ஆட்களை வைத்துத் தாமே அமைத்துக் கொடுக்கும் முறையை உண்டாக்கினார். 'வசந்தசேனா' படத்தின்போது பழக்கமாகி வாழ்க்கைத் துணையாகவும் ஆகிவிட்ட டி.ஏ. மதுரம் அம்மையார் அதில் சரிபாதி. கதாநாயகனும் கதாநாயகியும் படத்தில் தெய்வத்தைக் கூப்பிட்டு அழுதுகொண்டிருக்க, இவர்கள் இரண்டு பேரும் நடுவில் வந்து, தெய்வத்தின் பேரால் வயிறு வளர்க்கிறவனைப் பற்றிப் பேசிவிட்டுப் போவார்கள்.

இந்த இடத்தில் நமது தோழர்கள் சிலரே ஒரு கேள்வி கேட்பதுண்டு. “அவர் நடித்த படங்களில் எத்தனையோ பக்திப் படங்கள்தானே? 'திருநீலகண்டர்' என்ன? 'ஹரிதாஸ்' என்ன? பகுத்தறிவுக்காரருக்கு அங்கே என்ன வேலை?” என்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் காலத்து நிலைமையை யோசித்துச் சொல்ல வேண்டும். அன்று முதலாளி பணம் போட்டதே பெரும்பாலும் புராணக் கதைக்கு. ஜனங்கள் கூடியதும் அதற்குத்தான். பகுத்தறிவுக் கூட்டம் போட்டால் வருகிறவன் ஏற்கனவே நம்முடைய ஆள். பக்திப் படத்திற்கு வருகிறவனோ கையைக் கூப்பிக்கொண்டு வந்தவன். அப்படி வந்தவனை, அவன் கொடுத்த டிக்கெட்டுக் காசிலேயே, அவனுடைய சொந்த மூடநம்பிக்கையைப் பார்த்துச் சிரிக்க வைத்து அனுப்புவதென்றால் அது இலேசான காரியமா? நமது பிரசங்கிகளில் எத்தனை பேரால் இது முடிந்தது?

அதற்காக அவர் செய்த சிரிப்பெல்லாம் குற்றமற்றது என்று நாம் சாதிக்க வரவில்லை. வெறும் கோமாளித்தனமாக முடிந்துபோன காட்சிகளும் உண்டு. புருஷனும் பெண்சாதியும் சண்டை போடுவதையே திரும்பத் திரும்பச் சிரிப்பாக்கியதும் உண்டு. அவரைக் குற்றமே இல்லாதவராக்குவதும் கடவுளாக்குவதும் ஒன்றுதான். அந்த வேலையை வள்ளல் புராணக்காரர்களே செய்துகொள்ளட்டும்.

நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது 'கிந்தனார்' பற்றி.

நந்தனார் கதை எல்லாருக்கும் தெரியும். பெரியபுராணத்தில் உள்ளதைக் கோபாலகிருஷ்ண பாரதியார் விரித்துக் கீர்த்தனைகளாகப் பாடிவைத்தார். ஒரு பண்ணையாள் சிதம்பரம் போக ஆசைப்படுகிறான். எஜமானர் நாற்பது வேலி நிலத்து வேலையை ஒரே இரவில் முடித்துவிட்டுப் போகச் சொல்லுகிறார். கடவுள் வந்து அறுத்துக் கொடுக்கிறார். அங்கே போனபிறகும் உள்ளே நுழைய முடியவில்லை. நெருப்பில் இறங்கி வெளியே வந்த பிறகுதான் அனுமதி. இந்தக் கதையைக் கேட்டு எத்தனை பாகவதர்கள் சம்பாதித்தார்கள், எத்தனை பேர் கண்ணீர் விட்டார்கள் என்பதற்குக் கணக்கில்லை. 1935இல் நந்தனாராக நடிக்க கே.பி. சுந்தராம்பாள் அம்மையாருக்கு ஒரு லட்ச ரூபாய் கொடுக்கப்பட்டது. 1942இல் ஜெமினியாரும் ஒரு 'நந்தனார்' எடுத்தார்கள். இவ்வளவு கண்ணீர் விட்ட ஜனங்களில் ஒருவனாவது, “அந்த மனிதன் ஏன் நெருப்பில் இறங்க வேண்டும்?” என்று கேட்டானா?

கிருஷ்ணன் அவர்கள் கேட்டார். அதுவும் எப்படிக் கேட்டார்? அதே பாகவதர் வேஷம், அதே காலட்சேபக் கச்சேரி, அதே பின்பாட்டு. ஆள் மட்டும் நந்தன் இல்லை, கிந்தன். கிந்தனுக்குச் சிதம்பரம் போக ஆசையில்லை. பள்ளிக்கூடம் போக ஆசை. வாத்தியார் அடித்துத் துரத்துகிறார். கிந்தன் கடவுளைக் கூப்பிடவில்லை; ரயில் ஏறிப் பட்டணத்திற்குப் போகிறான். அந்த ரயில் வண்டியில் எல்லாச் சாதியும் ஒரே பலகையில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து போகிறது. ஆசாரத்தால் உண்டாக்க முடியாத சமத்துவத்தை நீராவி உண்டாக்கிவிட்டதென்பதை ஜனங்கள் பாட்டோடு பாட்டாய்க் கேட்டுக்கொண்டார்கள். கிந்தன் படிக்கிறான். படித்துப் பள்ளிக்கூடங்களைப் பரிசோதனை செய்கிற அதிகாரியாகவே திரும்பி வருகிறான், அதே வாத்தியாருக்கு முன்னால்.

1949இல் வந்த 'நல்லதம்பி' படத்தில் இது இடம்பெற்றது. அந்தப் படத்தின் கதை வசனம் தோழர் அண்ணாதுரை அவர்களுடையது. நெருப்பும் இல்லை, அசரீரியும் இல்லை. ஆயிரம் பிரசங்கம் செய்ய வேண்டிய விஷயத்தை அரை மணிக்கும் குறைந்த நேரத்தில், ஒருவரையும் வையாமல், ஜனங்களின் விலா நோகச் சொல்லி முடித்தார். இதையல்லவா நவம்பர் 29ஆம் தேதி பேச வேண்டும்? இதை விட்டுவிட்டு, அவர் யாருக்கு எத்தனை ரூபாய் கொடுத்தார் என்று கணக்கெழுதிக்கொண்டிருப்பது எதற்கு?

இதுவும் எப்பொழுது செய்தார் என்று பாருங்கள். சிறையிலிருந்து வந்த பிறகு. 1944 நவம்பரில், சினிமாக்காரர்களின் அந்தரங்கங்களை எழுதிப் பிழைத்துவந்த லட்சுமிகாந்தன் என்கிற பத்திரிகைக்காரர் வேப்பேரியில் குத்தப்பட்டு இறந்தார். டிசம்பரில் கிருஷ்ணனும், தியாகராஜ பாகவதரும், ஸ்ரீராமுலு நாயுடுவும் கைது செய்யப்பட்டார்கள். நாயுடு விடுதலையானார். மற்ற இருவருக்கும் 1945இல் ஆயுள் தண்டனை. அந்தச் சமயத்தில் சென்னை பிராட்வே கொட்டகையில் 'ஹரிதாஸ்' ஓடிக்கொண்டே இருந்தது; மூன்று தீபாவளி கண்ட படம் அது. உள்ளே ஜனங்கள் கிருஷ்ணனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்க, கிருஷ்ணன் சிறையில் இருந்தார்.

பக்திமான் யாராவது இதை எழுதினால், “ஆண்டவன் சோதித்தான், பிறகு காப்பாற்றினான்” என்று இரண்டு வரியில் முடித்துவிடுவான். காப்பாற்றியது ஆண்டவன் அல்ல. மதுரம் அம்மையார், எஸ்.வி. சகஸ்ரநாமம் முதலிய தோழர்களை வைத்து நாடக சபையை நடத்திக்கொண்டே வழக்கையும் நடத்தினார். ஐகோர்ட்டு அப்பீல் தள்ளுபடியாகியும் சோர்ந்து போகாமல் லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போனார்கள். அங்கேயிருந்து வழக்கு மறுபடியும் ஐகோர்ட்டுக்கு வந்து, வி.எல். எத்திராஜ் வாதாடி, 1947 ஏப்ரலில் விடுதலையாயிற்று. ஒரு பெண்ணின் உழைப்பும், பணமும், சட்டமும் செய்த காரியம் இது. மதுரம் அம்மையாரை வள்ளல் என்று யாரும் சொல்லுவதில்லை, சொல்லாததே நல்லதாயிற்று. ஆனால் அவர் பேரையே எடுக்காமல் விழாவை முடித்துவிடுகிறார்களே, அதுதான் வெட்கக்கேடு.

இனி அந்தத் தர்மத்தின் சங்கதிக்கே வருவோம். ஒரு நடிகருடைய வீட்டு வாசலில் ஜனங்கள் ஏன் வரிசையாக வந்து நின்றார்கள்? வைத்தியத்திற்குப் பணமில்லை, பிள்ளை படிப்பிற்குப் பணமில்லை, பெண்ணைக் கட்டிக்கொடுக்கப் பணமில்லை. இதற்கெல்லாம் வழி செய்ய வேண்டிய சர்க்காரும் சமூகமும் செய்யாததனால் சிரிப்புக்காரர் செய்ய வேண்டியதாயிற்று. அப்படியானால் அவருடைய கொடை நமக்குப் பெருமையா, சிறுமையா? கடைசிக் காலத்தில் அவரே பணமுடைப்பட்டு, 1957இல் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் 49 வயது நிரம்பாமலே இறந்தார். வாங்கிக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். திருப்பிக்கொடுக்க வந்தவர்கள் எத்தனை பேர்? கர்ணன் கதையிலும் இதேதான். கவசத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனவனைத் தேவேந்திரன் என்று கும்பிட்டுக்கொண்டு, கொடுத்து ஏமாந்தவனைப் பார்த்து, “ஆகா, என்ன தர்மம்!” என்று அழுகிறோம்.

இன்னொன்று. அவரை எந்தக் கட்சிக்காரரும் தனிச் சொத்தாக்க முடியாது. நாகர்கோயிலில் காந்தியாருக்கு நினைவுத் தூண் எழுப்பியவரும் அவரே. 1957 தேர்தலில் காஞ்சிபுரத்தில் அண்ணாதுரை அவர்களுக்காகப் பேசியவரும் அவரே. பொதுவுடைமைத் தோழர் ஜீவா அவர்களுக்கும் அவர் சிநேகிதர். யாரோடு பழகினாலும் அவருடைய சிரிப்பு மட்டும் பக்கம் மாறவில்லை. மேலே இருப்பவனைப் பார்த்தே சிரித்தது.

இன்றைய சினிமாச் சிரிப்பு யாரைப் பார்த்துச் சிரிக்கிறது? கறுப்பாய் இருப்பவனைப் பார்த்து, பருமனாய் இருக்கிற பெண்ணைப் பார்த்து, திக்கிப் பேசுகிறவனைப் பார்த்து, திருநங்கையைப் பார்த்து. கதாநாயகன் அறைகிறான், கூட இருக்கிறவன் விழுகிறான், கொட்டகை சிரிக்கிறது. பழைய பபூன் திரும்பி வந்துவிட்டான். சம்பளம் மட்டும் கோடிக்கணக்கில். இதையும் செய்துவிட்டு, மேடை ஏறி, “நான் கலைவாணர் வழியில் வந்தவன்” என்று சொல்லிக்கொள்ளவும் துணிகிறார்கள்.

சென்னை தியாகராயநகரில் அவருடைய சிலை இருக்கின்றது. 1969 ஜனவரி 14இல் அண்ணாதுரை அவர்கள் உடல் நலிந்திருந்த நிலையில் வந்து திறந்துவைத்தார். அடுத்த மூன்று வாரத்திற்குள் அவரும் மறைந்துவிட்டார். அந்தச் சிலைக்கு மாலை போடுகிறவர்களுக்கு நாம் ஒரு யோசனை சொல்லுகிறோம். 2023 ஆகஸ்டில், திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், நன்றாய்ப் படித்துவந்த தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவனை, கூடப் படித்த ஆதிக்க சாதிப் பிள்ளைகளே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதன்மேல் சர்க்கார் நியமித்த நீதிபதி சந்துரு அவர்களின் குழு, பிள்ளைகள் கையில் சாதிக் கயிறு கட்டுவதைத் தடுக்க வேண்டுமென்று 2024இல் எழுதிக் கொடுத்திருக்கின்றது. கிந்தன் பள்ளிக்கூடம் போய் முக்கால் நூற்றாண்டு ஆகிறது!

நாகர்கோயிலிலிருந்து திருநெல்வேலிக்குப் போகிற ரயில் நாங்குநேரியில் நின்றுதான் போகின்றது. வருகிற நவம்பர் 29ஆம் தேதி மாலைக்காசை மிச்சம் பிடித்து, அந்த வழியில் உள்ள பள்ளிக்கூடங்களிலெல்லாம் 'கிந்தனார்' காட்சியைப் போட்டுக் காட்டுங்கள். வாத்தியார்களையும் முன்வரிசையில் உட்கார வையுங்கள்.